ஆக்சின் வேர் முழுக்க ஓடுகிறது. பக்க வேர் மட்டும் ஏன் சில இடங்களில் முளைக்கிறது?

விதையிலை:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். பக்க வேரைப் பற்றிப் பாடநூலில் இரண்டே வரிகள்தான் இருக்கின்றன: பெரிசைக்கிள் (வேரின் நடுவிலுள்ள கடத்துத் திசுக்களைச் சூழ்ந்த அடுக்கு) செல்களிலிருந்து தோன்றுகிறது, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. இதைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக மனம் வரவில்லை.

ஆக்சின் தண்டின் நுனியிலிருந்து வேர் நுனி வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெரிசைக்கிளும் வேரின் நீளம் முழுக்க இருக்கிறது. அப்படியானால் வேர் முழுவதும் பக்க வேராக மண்டியிருக்க வேண்டாமா? ஏன் இங்கே ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று என்று முளைக்கிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஆழத்தில் பிறக்கும் வேர் அகத்தோல், புறணி, புறத்தோல் மூன்றையும் கடந்து வெளியே வர வேண்டும். கிழித்துக்கொண்டு வருகிறதா, அல்லது அந்த அடுக்குகள் வழி விடுகின்றனவா?

மரபணு வரை இறங்கி யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி:

ஆக்சினைக் கட்டளையாக நினைப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது, விதையிலை. அது ஒரு சிறிய மூலக்கூறு. "பக்க வேர் உண்டாக்கு" என்ற செய்தி எதுவும் அதற்குள் எழுதப்படவில்லை. இதே ஆக்சின்தான் தண்டில் செல்களை நீளச் செய்கிறது, இலையில் நரம்புகள் ஓடும் வழியைக் குறிக்கிறது, வேர் நுனியைப் புவியீர்ப்பின் திசையில் வளைக்கிறது. அதைப் பெறும் செல் எந்தப் புரதங்களோடு காத்திருக்கிறது, அக்கம்பக்கத்துச் செல்கள் என்ன செய்கின்றன என்பவைதாம் விளைவைத் தீர்மானிக்கின்றன. பக்க வேரைப் பற்றி நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம், ஆனால் விவரம்தான் அழகு.

செல்லின் உட்கருவில் ஏஆர்எஃப் எனப்படும் படியெடுத்தல் காரணிகள் இருக்கின்றன. மரபணுக்களை இயக்குவது அவற்றின் வேலை. ஆனால் ஆக்ஸ்/ஐஏஏ என்ற அடக்கிப் புரதங்கள் அவற்றோடு பிணைந்து வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. ஆக்சின் வந்ததும், டிஐஆர்1 என்ற ஏற்பிக்கும் அடக்கிப் புரதத்துக்கும் நடுவே பசைபோலப் புகுந்து இரண்டையும் ஒட்டவைக்கிறது. அப்படி ஒட்டிய அடக்கியின்மீது, அழிக்க வேண்டியது என்று காட்டும் யுபிக்விட்டின் குறி இடப்படுகிறது. புரதங்களைத் துண்டாக்கும் புரோட்டியோசோம் அதைச் சிதைத்துவிடுகிறது. தடை நீங்கிய ஏஆர்எஃப் மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. டிஐஆர்1தான் ஆக்சினின் ஏற்பி என்பதை 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அரபிடாப்சிஸில் 29 ஆக்ஸ்/ஐஏஏ மரபணுக்களும் 23 ஏஆர்எஃப் மரபணுக்களும் உண்டு. எந்தச் செல்லில் எந்த இணை இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஆக்சினுக்கு வெவ்வேறு பதில்கள் கிடைக்கின்றன. பக்க வேரின் தொடக்கத்துக்கு முதன்மையான இணை, ஐஏஏ14 என்ற அடக்கியும் அது கட்டிவைத்திருக்கும் ஏஆர்எஃப்7, ஏஆர்எஃப்19 ஆகியவையும். இதற்குச் சான்று ஒரு திடீர்மாற்றச் செடி. அதற்கு வைத்த பெயரே சாலிட்டரி ரூட், தனித்த வேர். அதில் ஐஏஏ14 புரதம் சிதைவுக்கு உட்படாதபடி மாறியிருக்கிறது. ஆக்சின் வந்தாலும் அடக்கி அசையாது. செடி உயிரோடு வளர்கிறது, முதன்மை வேர் இறங்குகிறது, ஆனால் ஒரு பக்க வேர்கூட வருவதில்லை. ஏஆர்எஃப்7, ஏஆர்எஃப்19 இரண்டையும் சேர்த்து இழந்த செடியும் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கிறது.

தடை நீங்கிய ஏஆர்எஃப்7, ஏஆர்எஃப்19 இரண்டும் நேரடியாக இயக்கும் மரபணுக்களில் எல்பிடி16, எல்பிடி29 முக்கியமானவை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெரிசைக்கிள் செல்களின் உட்கருக்கள் அவற்றின் பொதுச் சுவரை நோக்கி நகர்கின்றன. பிறகு இரண்டும் சமமில்லாமல் பிரிகின்றன. நடுவில் இரண்டு குட்டைச் செல்கள், இருபுறமும் நீண்ட செல்கள். எல்பிடி16, அதன் உறவுப் புரதங்கள் ஆகியவற்றின் வேலையை அடக்கிவிட்டால் இந்த நகர்வும் சமமற்ற பிரிவும் நடப்பதில்லை. ஒரு வேரின் பிறப்பு உட்கரு சற்று நகர்வதில் தொடங்குகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பசுங்கணிகம்:

தம்பி நுண்ணோக்கி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு பழைய சோதனையை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். நாற்றை முதலில் ஆக்சின் கடத்தலைத் தடுக்கும் மருந்தில் வளர்த்து, பிறகு ஆக்சின் நிறைந்த ஊடகத்துக்கு மாற்றினால் பெரிசைக்கிள் வரிசை முழுவதும் பிரியத் தொடங்குகிறது. பக்க வேருக்கு இடமே இல்லாத அளவுக்கு அடர்த்தி. அப்படியானால் செல்களெல்லாம் தயாராகத்தான் இருக்கின்றன. கிடைக்காமல் போவது ஆக்சின்தான் என்று ஆகாதா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரச் செயலியல் நடத்தியவன் நான். "செல் தீர்மானிக்கிறது" என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பல வேளைகளில் அளவுதான் தீர்மானிக்கிறது.

நுண்ணோக்கி:

ஐயா, அந்தச் சோதனையை நான் மறுக்கவில்லை. முதல் பிரிவின்போது செயல்படும் மரபணுக்களைத் திரட்ட அதைவிட நல்ல முறை நீண்ட காலம் கிடையாது. ஆனால் அதிலும் நீரைக் கடத்தும் சைலத்துக்கு எதிரே இருக்கும் பெரிசைக்கிள் செல்கள்தாம் பிரிகின்றன. அதே வளையத்தில், உணவைக் கடத்தும் ஃபுளோயத்துக்கு எதிரே இருப்பவை அதே ஆக்சினில்தான் மூழ்கியிருக்கின்றன. அவை அப்படிப் பதில் சொல்வதில்லை. இது முதல் சல்லடை. சாலிட்டரி ரூட் செடியை ஆக்சினில் ஊறவைத்தாலும் பெரிசைக்கிள் அசைவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது சல்லடை நேரம். ஆக்சினுக்குப் பதில் சொல்லும் டிஆர்5 என்ற செயற்கை முன்னியக்கியோடு (மரபணுவை இயங்க வைக்கும் டிஎன்ஏ பகுதி) மின்மினியின் ஒளிரும் புரத மரபணுவை இணைத்து, வேரைத் தொடர்ந்து படம் பிடித்தார்கள். வேர் நுனிக்குச் சற்று மேலே ஒரு பகுதியில் ஒளி கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம். ஒளி உச்சத்தில் இருந்தபோது அந்தப் பகுதியில் இருந்த செல்கள், வேர் மேலும் நீண்ட பிறகும், ஒளிரும் புள்ளியாகப் பின்தங்கி நிற்கின்றன. பக்க வேர் பின்னால் அந்தப் புள்ளிகளில்தான் வருகிறது. 2010இல் வந்த ஆய்வு இது. பிரிவு தொடங்குவதற்கு வெகு முன்பே இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது.

விதையிலையின் "இங்கே ஒன்று, தள்ளி ஒன்று" என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான்.

தளிர்:

இந்த அலைவைக் "கடிகாரம்" என்று எழுதிவிடுவது எனக்கு உறுத்துகிறது. நான் கணித மாதிரிகளின் பக்கம் இருப்பவன். கடிகாரம் என்றால் செல்லுக்குள்ளேயே தானாக ஓடும் மரபணுச் சுற்று ஒன்று இருக்க வேண்டும். 2010 ஆய்வில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஏறி இறங்குவதாகக் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவற்றில் எது முள்ளை நகர்த்துகிறது, எது பின்னால் போகிறது?

2021இல் வந்த மாதிரி ஒன்று இன்னும் எளிய வழியைக் காட்டியது. வேர் நுனியில் ஆக்சின் நடுவழியாக இறங்கி, ஓரமாக ஏறி, மறுபடி உள்ளே திரும்புகிறது. அந்தச் சுழற்சி மண்டலத்தின் வழியே செல்கள் வளர்ந்துகொண்டே கடந்து போகின்றன. செல்கள் பிரிந்து பெருகும் ஆக்குத்திசுவிலிருந்து வெளியேறும் செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. சில பெரியவை, சில சிறியவை. பெரிய செல் கூடுதல் ஆக்சினைத் தேக்கிக்கொள்கிறது. இந்த அளவு வேறுபாடு அலையலையாக வருவதால் ஆக்சினும் அலையலையாக ஏறுகிறது. தனிக் கடிகாரம் தேவைப்படவில்லை, வளர்ச்சியே தாளமாகிறது.

நுண்ணோக்கி:

அந்த மாதிரி எனக்கும் பிடித்தது, தளிர். ஆனால் வேர்மூடியை விட்டுவிடாதீர்கள். நுனியைப் போர்த்தியிருக்கும் பக்க வேர்மூடியின் வெளிச் செல்களில், ஆக்சினின் முன்னோடியான இண்டோல் பியூட்ரிக் அமிலம் ஆக்சினாக மாற்றப்படுகிறது. அந்தச் செல்கள் ஒரு கட்டத்தில் திட்டமிட்டபடி இறக்கின்றன. அந்த இறப்பும் தாளத்தோடு நடக்கிறது. இறக்கும் செல்களிலிருந்து ஆக்சின் விடுபட்டு, அலைவு மண்டலத்தை அடைகிறது. இந்த மாற்றம் குறைபட்ட செடிகளில் அலைவின் வலிமை குறைகிறது, பக்க வேர்களும் குறைகின்றன. உங்கள் மாதிரியும் இதுவும் மோத வேண்டியதில்லை. ஒன்று ஆக்சினின் வரத்தைச் சொல்கிறது, மற்றது அது எங்கே தேங்குகிறது என்பதைச் சொல்கிறது.

இடம் குறிக்கப்பட்ட பிறகு காட்டா23 என்ற படியெடுத்தல் காரணி தலைகாட்டுகிறது. சாதாரணப் பெரிசைக்கிள் செல்லை வேர் நிறுவும் செல்லாக மாற்றுவதில் அதற்குப் பங்கு உண்டு. அதைக் கட்டிவைப்பது வேறோர் அடக்கி, ஐஏஏ28. முதல் பிரிவுக்கு ஐஏஏ14, அதற்கு முந்தைய தெரிவுக்கு ஐஏஏ28 என்று அடுத்தடுத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் சாவி அதே ஆக்சின்தான்.

விதையிலை:

நெஞ்சார்ந்த நன்றி. குறிக்கப்பட்ட ஓர் இடத்தில் பல செல்கள் ஆக்சினுக்குப் பதில் சொல்லக்கூடும் அல்லவா? ஒன்றை ஒட்டி இன்னொன்று முளைக்காமல் தடுப்பது எது?

நுண்ணோக்கி:

பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதத் துண்டுகள். தேர்வான செல்கள் டிஓஎல்எஸ்2 என்ற சிறு பெப்டைடை வெளியே விடுகின்றன. அக்கம்பக்கத்துச் செல்களின் பரப்பில் இருக்கும் ஆர்எல்கே7 என்ற ஏற்பி அதைப் பற்றிக்கொள்கிறது. அதன் வழியே புச்சி என்ற மரபணு இயங்கி, அந்தச் செல்கள் வேர் நிறுவும் செல்களாக மாறாமல் தடுக்கிறது. ஆர்எல்கே7 இழந்த செடியில் பக்க வேர்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முளைக்கின்றன.

சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஆக்சினைச் செல்லிலிருந்து வெளியே அனுப்பும் பிஐஎன்1 புரதத்தைச் செல் சவ்விலிருந்து அகற்றிச் சிதைவுக்கு அனுப்பி, ஆக்சின் ஓரிடத்தில் குவிவதையே கலைத்துவிடுகிறது. திசு வளர்ப்பில் வேர் வேண்டுமென்றால் ஆக்சினைக் கூட்டி, சைட்டோகைனினைக் குறைப்பார்களே, அதோடு இதைச் சேர்த்து யோசியுங்கள்.

வேரடி மண்:

நான் மண்ணோடும் பயிரோடும் வேலை செய்பவன். நீங்கள் பேசுவதெல்லாம் அகார் என்ற கூழ் ஊடகத் தட்டில், எல்லாத் திசையிலும் ஒரே உணவும் ஒரே ஈரமும் இருக்கும் இடத்தில் வளர்ந்த வேர். மண்ணில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே நைட்ரேட் இருக்கும், ஒரு விரலளவு தள்ளி இருக்காது. ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காற்று. பக்க வேரின் வேலையே இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு வளர்வதுதான். அதைச் சொல்லாமல் தாளம், கடிகாரம் என்று பேசினால் வேரைப் பாதிதான் பார்க்கிறோம்.

1975இல் பார்லியில் செய்த சோதனை இன்றைக்கும் கண்ணைத் திறக்கிறது. வேர்த்தொகுதியின் நடுப்பகுதிக்கு மட்டும் நைட்ரேட் நிறையக் கொடுத்து, மேலும் கீழும் குறைத்தார்கள். நடுப்பகுதியில் மட்டும் பக்க வேர்கள் பெருகி நீண்டன. அம்மோனியமும் பாஸ்பேட்டும் அப்படியே செய்தன. பொட்டாசியம் அப்படிச் செய்யவில்லை. உணவு கிடைத்ததால் கொழுத்தது என்ற எளிய விளக்கம் அங்கேயே ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் பொட்டாசியமும் பயிருக்கு உணவுதான்.

நைட்ரேட்டை வேர் சமிக்ஞையாகவே படிக்கிறது. என்ஆர்டி1.1 என்ற புரதம் நைட்ரேட்டைக் கடத்துகிறது, உணரவும் செய்கிறது. நைட்ரேட் குறைவாக இருக்கும்போது இதே புரதம் பக்க வேரின் நுனியிலிருந்து ஆக்சினை வெளியே கடத்திவிடுகிறது. நுனி வளராமல் நிற்கிறது. நைட்ரேட் வந்ததும் ஆக்சின் கடத்தல் நிற்கிறது, நுனியில் ஆக்சின் தேங்குகிறது, வேர் நீள்கிறது. மண்ணின் செய்தியும் ஆக்சினும் ஒரே புரதத்தில் சந்திக்கின்றன. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் உயிரியலில் அதிகம் பார்த்ததில்லை.

செடி முழுவதற்குமான கணக்கும் உண்டு. நைட்ரஜன் கிடைக்காத வேர்கள் சிஇபி என்ற பெப்டைடைத் தண்டுக்கு அனுப்புகின்றன. இலைகளில் இருக்கும் ஏற்பி அதை அறிந்து, வேறொரு பெப்டைடை வேர்களுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதன் பயனாக, நைட்ரேட் கிடைக்கும் பக்கத்து வேர் கூடுதலாக உறிஞ்சத் தொடங்குகிறது. பட்டினி கிடப்பது ஒரு வேர், அதற்கு ஈடு கொடுப்பது இன்னொரு வேர்.

பாஸ்பேட் பற்றாக்குறையில் கதை வேறு. அரபிடாப்சிஸில் முதன்மை வேர் நின்றுவிடுகிறது, மேல்மண்ணில் பக்க வேர்கள் பெருகுகின்றன. அப்போது டிஐஆர்1 ஏற்பியின் உற்பத்தி கூடுவதால், அதே ஆக்சினுக்குப் பெரிசைக்கிள் முன்பைவிட எளிதில் மசிகிறது.

பசுங்கணிகம்:

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் என் வாதத்தைத் திருத்தி வைக்கத் தோன்றுகிறது. அளவு முக்கியம்தான், ஆனால் அளவை அளக்கும் ஏற்பியின் கூர்மையைச் செடியே கூட்டிக் குறைக்கிறது என்றால், தம்பி சொன்ன பக்கம் கனம் கூடுகிறது. வேரடி மண், ஈரத்தைப் பற்றியும் எழுதுங்கள். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

வேரடி மண்:

எழுதுகிறேன் ஐயா. ஒரே வேரின் ஒரு பக்கம் ஈர மண்ணையும் மறுபக்கம் காற்றையும் தொட்டுக்கொண்டிருந்தால், பக்க வேர் ஈரப் பக்கத்தில்தான் வரும். அரபிடாப்சிஸ், நெல், மக்காச்சோளம் மூன்றிலும் 2014இல் இதைக் காட்டினார்கள். ஒரு வேரின் விட்டம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அதற்குள் இரண்டு பக்கங்களுக்கும் வெவ்வேறு முடிவு.

2018இல் காரணம் தெரிந்தது. நுண்ணோக்கி சொன்ன அதே ஏஆர்எஃப்7 புரதத்தின்மீது சூமோ என்ற சிறு புரதம் ஒட்டப்படுகிறது. அப்படி ஒட்டப்பட்ட ஏஆர்எஃப்7 ஐஏஏ3 என்ற அடக்கியோடு பிணைந்துகொள்கிறது. அதனால் காற்றுப் பக்கத்தில் எல்பிடி16 இயங்குவதில்லை. ஏஆர்எஃப்7 இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது. அது வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

மண்ணில் வெடிப்பு இருந்து, வேர் நுனி அதன் ஊடே காற்றில் போக நேர்ந்தால் இன்னொன்று நடக்கிறது. நீர் கிடைக்காததால், ஃபுளோயத்திலிருந்து அப்சிசிக் அமிலம் என்ற வறட்சி ஹார்மோன் வெளிப்புறமாகப் பரவுகிறது. செல்களை இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டாக்கள் மூடிக்கொள்கின்றன. வெளிச் செல்களிலிருந்து உள்நோக்கி வர வேண்டிய ஆக்சின் பெரிசைக்கிளை எட்டுவதில்லை. கிளைத்தல் நிற்கிறது. நுனி மறுபடி ஈரத்தைத் தொட்டதும் கிளைத்தல் திரும்புகிறது. தாளம் ஓடிக்கொண்டிருந்தாலும் மண் அதை நிறுத்திவைக்கும் என்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

விதையிலை:

என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அகத்தோலில், செல்களுக்கு இடையே நீர் கசியாமல் அடைக்கும் காஸ்பேரியன் பட்டை வேறு இருக்கிறதே, அதைக் கடப்பது எப்படி?

நுண்ணோக்கி:

மறக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேர் கிழித்துக்கொண்டு வருவதில்லை. மேலே இருக்கும் அடுக்குகள் இடம் விடுகின்றன, அதுவும் ஆக்சினுக்குப் பதிலாகத்தான்.

முதலில் அகத்தோல். பெரிசைக்கிள் செல் பிரிவதற்கு முன் சற்று வீங்க வேண்டும். அதற்கு மேலே இருக்கும் அகத்தோல் செல் நீரை இழந்து, பருமன் குறைந்து, ஒதுங்குகிறது. இந்தச் செல்லில் ஆக்சின் பேச்சைத் தடுப்பது ஐஏஏ3. வேரடி மண் சொன்ன அதே அடக்கி, இங்கே வேறு வேலையில். அழியாத ஐஏஏ3 வடிவத்தை அகத்தோலில் மட்டும் வைத்தார்கள். பெரிசைக்கிள் முற்றிலும் நலமாக இருந்தது, ஆக்சின் இருந்தது, ஆனாலும் முதல் பிரிவுகூட நடக்கவில்லை. 2014இல் இதைப் படித்தபோது நான் எழுந்து அறைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு செல் பிரிவதா வேண்டாமா என்பதில் பக்கத்து அடுக்குக்கு இத்தனை உரிமை இருக்கிறது!

மறுபக்கச் சோதனையும் உண்டு. அகத்தோல் செல்லை லேசர் ஒளியால் அழித்துவிட்டால் கீழே இருக்கும் பெரிசைக்கிள் செல் பிரியத் தொடங்குகிறது. ஆனால் ஆக்சின் கூட இருந்தால்தான் அந்தப் பிரிவு வேருக்குரிய திசையில் அமைகிறது.

அடுத்து புறணி, புறத்தோல். வளரும் தோற்றுவியிலிருந்து (இன்னும் வெளிவராத இளம் பக்க வேர்) கசியும் ஆக்சின், அதற்கு நேர் எதிரே இருக்கும் செல்களில் எல்ஏஎக்ஸ்3 என்ற உள்வாங்கும் கடத்தியை உருவாக்குகிறது. அந்தச் செல்கள் மேலும் ஆக்சினை இழுத்துக்கொள்கின்றன. அதன் பயனாக, பெக்டினைச் சிதைக்கும் பாலிகேலக்டியூரோனேஸ் போன்ற நொதிகள் சுரந்து, செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு தளர்கிறது. பூவிதழ் உதிர்வில் செல்களைப் பிரித்துவிடும் ஐடிஏ பெப்டைடும் அதன் ஏற்பிகளும் இங்கேயும் வேலை செய்கின்றன. புறணி செல்கள் கிழிபடுவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன. தோற்றுவி அந்த இடைவெளியில் நுழைகிறது.

ஐயா, உங்கள் கேள்விக்கும் இங்கேதான் என் முழு விடை இருக்கிறது. ஒரே மூலக்கூறு பெரிசைக்கிளில் "பிரி" என்றும், அகத்தோலில் "சுருங்கு" என்றும், புறணியில் "விலகு" என்றும் புரிந்துகொள்ளப்படுகிறது.

பசுங்கணிகம்:

ஏற்றுக்கொள்கிறேன். இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். அவரைக் குடும்பத்து வேர் முடிச்சு தனிப் படைப்பு என்றே என் தலைமுறை கற்பித்தது. ரைசோபியம் பாக்டீரியா வந்து தொட்டதும் இயங்கும் நின் என்ற காரணி, எல்பிடி16 மரபணுவின் அவரைக் குடும்ப வடிவத்தைத்தான் இயக்குகிறது என்று 2019இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. முடிச்சு, பக்க வேரின் பழைய நிரலை எடுத்து வேறு முடிவுக்குக் கொண்டுபோகிறது. திசு வளர்ப்பில் வரும் கேலஸும் இப்படித்தான்: இலைத் துண்டிலிருந்து வந்தாலும் அதன் மரபணு வெளிப்பாடு பக்க வேரின் நுனியை ஒத்திருக்கிறது. கேலஸ் என்பது உருவமிழந்த செல் கூட்டம் என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய பாடத்தை இன்றைய ஆசிரியர்கள் மாற்றி எழுத வேண்டும்.

தளிர்:

அப்படியானால் எல்பிடி16 மரபணுவை மிகுதியாக இயக்கிப் பயிர்களுக்கு நிறையப் பக்க வேர்கள் கொடுத்துவிடலாமே? இதை யாராவது முயல்கிறார்களா?

வேரடி மண்:

நிறைய என்றால் நல்லது என்று எண்ணுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு வேரும் சர்க்கரையைத் தின்கிறது. மக்காச்சோளத்தில், நீரும் நைட்ரஜனும் குறைவாக இருக்கும்போது, குறைவான ஆனால் நீளமான பக்க வேர்கள் கொண்ட வகைகள் மேலாக நிற்கின்றன. மிச்சமாகும் சர்க்கரையில் வேர் ஆழம் போகிறது. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் நிலைமை தலைகீழ். மேல்மண்ணில் அடர்ந்த பக்க வேர்கள்தாம் உதவும். எந்த மண்ணுக்கு எந்த வேர் என்று கேட்காமல் மரபணுவில் கை வைக்கக் கூடாது. நெல்லில் வறட்சிக்கு உதவியதாக 2013இல் காட்டப்பட்ட டிஆர்ஓ1 மரபணுவும் வேர்களின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. அவை இறங்கும் கோணத்தைச் செங்குத்தாக்கியது.

தானியங்களில் அமைப்பும் சற்று வேறு. பக்க வேர் ஃபுளோயத்துக்கு எதிரே தோன்றுகிறது. அகத்தோலும் அதில் பங்கு கொள்கிறது. ஆனால் அடிப்படைப் பூட்டு அதேதான். மக்காச்சோளத்தின் ரம்1 என்ற திடீர்மாற்றச் செடியின் முதன்மை வேரில் பக்க வேர்கள் இல்லை. அந்த மரபணுவும் ஓர் ஆக்ஸ்/ஐஏஏ அடக்கிதான்.

விதையிலை:

ஒளிரும் செடிகளோ லேசரோ எங்கள் ஆய்வகத்தில் இல்லை. சாதாரண அரபிடாப்சிஸ் விதையும் நல்ல நுண்ணோக்கியும் இருக்கின்றன. இவற்றை வைத்து நான் நேரில் எதைப் பார்க்க முடியும்?

நுண்ணோக்கி:

முதல் பிரிவையே பார்க்கலாம். நாற்றுகளைச் செங்குத்தாக நிறுத்திய அகார் தட்டில் வளருங்கள். வேர் சில சென்டிமீட்டர் இறங்கியதும் தட்டை 90 பாகை திருப்பி வையுங்கள். நுனி கீழ்நோக்கி வளையும். அந்த வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு பக்க வேர் தொடங்கும். எங்கே தேடுவது என்ற சிக்கல் தீர்ந்துவிடும்.

திருப்பியதிலிருந்து ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் சில நாற்றுகளை எடுத்துத் தெளிவாக்குங்கள். முதலில் 20 சதவீத மெத்தனாலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், மிதமான சூட்டில் 15 நிமிடம். பிறகு 60 சதவீத எத்தனாலில் 7 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, அறை வெப்பத்தில் 15 நிமிடம். எத்தனாலின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் 50 சதவீத கிளிசராலில் கண்ணாடித் தகட்டில் வையுங்கள். அமிலத்தையும் காரத்தையும் கையுறையோடுதான் கையாள வேண்டும். 1997இல் பக்க வேரின் வளர்ச்சியை ஏழு நிலைகளாகப் பிரித்தவர்கள் இவ்வாறு தெளிவாக்கிய வேர்களைத்தான் பார்த்தார்கள். நிறமேற்றாமலே மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும் நோமார்ஸ்கி ஒளியியல் நுண்ணோக்கியில் இருந்தால் செல் சுவர்கள் பளிச்சென்று தெரியும்.

ஒரு நாள் முடிவதற்குள் வளைவின் வெளிப்பக்கப் பெரிசைக்கிளில் அந்தக் குட்டைச் செல்கள் தெரிய வேண்டும். தெரிந்தால், அவற்றுக்கு நேர் மேலே இருக்கும் அகத்தோல் செல்லின் தடிமனை அளந்து, எதிர்ப்பக்கத்து அகத்தோல் செல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவுகளை இங்கே பதியுங்கள். தளிரும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.